ஓர் இடத்துக்கு எத்தனை பெயர்? ஈபேர்ட் தொண்டூழியம் பற்றி



வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் 'தொண்டூழியம்' என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். முதியோர் இல்லம், கடற்கரைத் துப்புரவு, உணவுப் பொட்டலம். எல்லாம் நல்ல செயல்கள்தான். ஆனால் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திரைமுன் உட்கார்ந்து இடப்பெயர்களைத் திருத்தும் ஒரு தொண்டூழியம் இருக்கிறது. அதைப் பாராட்டவும் கொஞ்சம் குறை சொல்லவும்தான் இதை எழுதுகிறேன்.

ஈபேர்ட் என்பது அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடபன் சங்கமும் 2002இல் தொடங்கிய இணையத் தரவுத்தளம். பறவை பார்ப்பவர்கள் எந்த நாள், எந்த இடம், எவ்வளவு நேரம், எந்தப் பறவை எத்தனை என்று பட்டியலிட்டு அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டு மாடம் உங்களுக்கு மட்டுமான தனி இடம். பூங்கா, சதுப்புநிலம் போன்றவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் 'ஹாட்ஸ்பாட்'. புதிய ஹாட்ஸ்பாட்டை யாரும் பரிந்துரைக்கலாம். அதை ஏற்பதா, என்ன பெயர் வைப்பது, வரைபடத்தில் புள்ளியை எங்கே குத்துவது, இரண்டு முறை பதிவான ஒரே இடத்தை எப்படி இணைப்பது என்பதையெல்லாம் அந்தந்த வட்டாரத் தொண்டூழியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

இது சின்ன வேலை என்று நினைக்காதீங்க. ஒரே குளத்தைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் எழுதினால், அந்தக் குளத்தின் கதை பத்துத் துண்டாகச் சிதறிவிடும். ஒரு பெயரில் சேர்ந்தால்தான் எந்த மாதம் உள்ளான்கள் வருகின்றன, எந்த மாதம் கிளம்புகின்றன என்பது தெரியவரும். பெயர் வைப்பதற்கும் ஒழுங்கு உண்டு. பெரிய இடம் முதலில், பிறகு இரட்டைக் கோடு, பிறகு உட்பகுதி. அரிய பறவை ஒன்று எங்கோ தென்பட்டு, அதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தால், அந்தப் பறவையின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே இடத்துக்குப் பெயரிடும் வழக்கமும் இருக்கிறது. பறவை போன பிறகும் பெயர் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

இனி குறை. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 202 ஹெக்டேர் பரப்பு. ஒருவர் சேற்றுப்பரப்பில் உள்ளானைப் பார்க்கிறார், இன்னொருவர் மரங்களுக்கிடையே மரங்கொத்தியைப் பார்க்கிறார். இருவரும் காப்பகத்தின் பொதுப்பெயரைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு பறவையும் வரைபடத்தில் ஒரே புள்ளியில் வந்து உட்கார்ந்துவிடும். எந்தக் குளத்தைக் காக்க வேண்டும் என்று கேட்பவருக்கு அந்தப் புள்ளி பதில் சொல்லாது. சரி, உட்பகுதிகளாகப் பிரித்துவிடலாமே என்றால், பிரிக்கப் பிரிக்கப் பழைய சிதறல் திரும்பிவரும். எங்கே நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. தொண்டூழியரின் தீர்ப்புதான். ("கட்டுரைக்கு எத்தனை பத்தி சார்?" என்று கேட்கும் மாணவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.)

இதைவிடக் கடினமானது பிடாடரி. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்துக்கள் அடக்கமான பழைய இடுகாடு. கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்ட பின் மரங்கள் அடர்ந்து, வலசைப் பறவைகள் இறங்கும் இடமாயிற்று. கேமராவோடு கூட்டம் கூடியது. பிறகு வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. 2024இல் புதிய பூங்கா திறந்தது. இப்போது சொல்லுங்க: இது அதே இடமா? புதிய இடம் என்று புதுப்பெயர் கொடுத்தால், அங்கே காலெடுத்து வைக்கும் புதியவர் பழைய பட்டியலை நம்பி ஏமாறமாட்டார். இதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் பழைய பெயரின் பக்கம்தான் நிற்பேன். ஒவ்வொரு பட்டியலிலும் தேதி இருக்கிறது; குறிப்பிட்ட ஆண்டுகளை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதியும் ஈபேர்டில் இருக்கிறது. பெயரை இரண்டாக்கினால், முன்பு வந்து இப்போது வராத பறவை எது என்று ஒரே பக்கத்தில் ஒப்பிட முடியாது. பழைய பக்கம் ஒரு நல்ல பட்டியலாகவும் புதிய பக்கம் இன்னொரு நல்ல பட்டியலாகவும் நிற்கும். நடுவில் என்ன போயிற்று என்று கேட்கவே யாருக்கும் தோன்றாது.

கருத்து விளக்கக் கட்டுரைக்கு இதையே தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். என்னோடு மாறுபட்டு, புதுப்பெயர்தான் சரி என்று வாதிடும் மாணவரின் கட்டுரையைப் படிக்க எனக்கு ஆசை.