வீட்டுக்காரர் கையில் பணம்

2007இல் குடும்பிமலை அரச படைகளிடம் வீழ்ந்ததோடு இலங்கையின் கிழக்கில் போர் ஓய்ந்தது. அதன்பின் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வெளிநாட்டுப் பணம் இறங்கியது. மண்முனைத்துறையில் ஓடத்துக்குக் காத்துநின்ற, வாவியின் மேற்குக்கரையான படுவான்கரைச் சனம், 2014 முதல் ஜப்பான் உதவியில் எழுந்த பாலத்தால் போய்வருகிறது. பாலத்தைக் கொந்தராத்துக்காரர்தான் கட்டமுடியும். வீட்டையும் அப்படியே அவரிடம் கொடுத்துவிடலாமா?

போரில் வீடிழந்தோருக்கான இந்திய அரசின் வீட்டுத்திட்டம் வேறு வழியில் போனது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய், கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. முடிந்த வேலையைப் பார்வையிட்ட பிறகே அடுத்த தவணை. சீமெந்து மூடையை எண்ணி இறக்குவதும், கலவையில் மணல் கூடுகிறதா என்று மேசனிடம் கேட்பதும் அந்தக் கூரையின்கீழ் படுத்தெழும்பப் போகிறவர்களே. இடைக்கைகள் குறைந்ததால் களவுக்கான வாய்ப்பும் குறைந்தது. இதுதான் இம்முறையின் பெரும்பலம்.

குறைகளும் சிறியவை அல்ல. பொருள்விலையும் கூலியும் ஏறியபோது தொகை ஏறவில்லை. பலர் கடன்பட்டே வீட்டை முடித்தார்கள். கணவனை இழந்து கூலிக்குப் போகும் பெண், நாட்கூலியை விட்டுவிட்டு மேசனிடம் நின்று வேலை வாங்க முடியாது. பயனாளிகள் தெரிவிலும் முறைப்பாடுகள் எழுந்தன. பணம் நேராக வந்தாலும், பெயர்ப்பட்டியல் நேராக வராவிட்டால் அநீதி அநீதிதான்.

ஆனாலும் மாற்றுவழிகள் இதைவிட மோசம். வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகளை ஆர்செலர்மிட்டல் என்ற உருக்கு நிறுவனத்திடம் வாங்க அரசு முனைந்தபோது, ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். வெயில் கொளுத்தும் மண்ணில் உருக்குச் சுவர்! அதன் பாதிச் செலவில் கல்வீடு எழுப்பலாம் என்று எதிர்த்தவர்கள் கணக்குக் காட்டினார்கள்; கடைசியில் அந்தத் திட்டம் நின்றது. தெற்கே, அம்பாறை நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்தோருக்காகச் சவூதி கட்டிய 500 வீடுகள், எந்த இனத்தவருக்கு எத்தனை வீடு என்ற தகராறும் அதுபற்றிய 2009இன் உயர்நீதிமன்றத் தீர்ப்புமாக ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பாழடைந்தன. களவு போகாத பணமும் இப்படி வீணாகும்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா கொட்டிய பணத்தில், விரயத்திலும் மோசடியிலும் குறைந்தது 3,100 கோடி டொலர் போனதென்று அமெரிக்க ஆணைக்குழுவொன்று 2011இல் மதிப்பிட்டது. தோல்வியை எண்ணிப் பார்க்கும் அந்தத் துணிவு இங்கும் வேண்டும். பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும். தொகை விலைவாசியோடு உயரட்டும். தனித்த பெண்களுக்குத் தொழினுட்ப உதவி கிடைக்கட்டும். பெயர்ப்பட்டியல் கிராம சேவையாளர் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படட்டும். 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் கணக்குக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.