பின்பாட்டு

"மேடம், இது பின்னணி இசைதானே? படைப்பு எங்கே?" என்று காதருகே வந்து கேட்டாள் மாணவி.

2019 தொடக்கத்தில், கொச்சி பினாலேயில் ஷில்பா குப்தாவின் ஒலி நிறுவலுக்குள் நின்றிருந்தோம். அரையிருட்டான அறை. மேலேயிருந்து நூறு மைக்குகள் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஓர் உலோகக் கம்பி, அதில் குத்திச் செருகிய தாளில் கவிதை வரிகள். எழுத்துக்காகவோ அரசியலுக்காகவோ சிறைப்பட்ட, பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த நூறு கவிஞர்களின் வரிகள். 'உன் மொழிக்குள் என்னால் அடங்க முடியாது' என்பதுபோல் பொருள்படும் தலைப்பு, கொல்லப்பட்ட அஸர்பைஜானியக் கவிஞர் நசீமியிடமிருந்து வந்தது.

மாணவியின் கேள்வி தவறில்லை. 1978இல் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 'ஆம்பியன்ட்' என்ற பெயர் அதன் பிறகே பரவியது. கவனிக்கலாம், கவனிக்காமலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடம் தரும் இசை. எனக்குப் பிடிக்கும். ஆனால் கூட்டத்துக்கு ஆள் சேரும்வரை ஒரு பெண்ணைப் பாடச் சொல்லிவிட்டு நாற்காலி இழுத்துப் போடும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, கவனிக்கப்படாத குரல் என்பது அழகியல் மட்டுமில்லையே.

இங்கும் அந்த ஆபத்து இருந்தது. ரஷ்யனோ அரபியோ தெரியாத எனக்கு முதல் சில நிமிடங்கள் வெறும் இனிய முணுமுணுப்புதான். சுவரில் சாய்ந்து கண்மூடி ரசித்தவர்களும் உண்டு. சிறை இவ்வளவு இதமாகக் கேட்கலாமா?

பிறகுதான் அமைப்பு பிடிபட்டது. ஒரு மைக் தனியாகச் சொல்கிறது. மற்றவை அதை வாங்கித் திருப்பிச் சொல்கின்றன. குரலை வாங்க வேண்டிய மைக்குகளை ஒலிபெருக்கிகளாக மாற்றியிருக்கிறார் ஷில்பா. எனக்கு இசக்கியம்மன் கொடை நினைவு வந்தது. வில்லுப்பாட்டில் வலத்தே பாடுபவர் அடியெடுக்க, இடத்தே பாடுபவர் வாங்கிப் பாடுவார். கொலையுண்ட பெண்ணின் கதையை ஒருவர் சொல்ல, மற்றவர் "ஆமா" போடுவார். அந்த 'ஆமா' இல்லாவிட்டால் அவள் சொன்னதற்குச் சாட்சியில்லை.

ஆனால் நூறு மைக்குகளுக்கும் தொண்டை கட்டுவதில்லை. அங்கேதான் இந்தப் படைப்பு எனக்குக் குறைகிறது. எங்கள் மாவட்டத்தில் சிறுவயதிலேயே வில்லடிக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் கொடைகளில் பாடிய பூங்கனி 2018இல் இறந்தார். விடியவிடியப் பாடிய அந்த மூச்சிரைப்பை எந்த மைக்கும் வாங்கித் தரவில்லை. அவரைத் தெரியுமா என்று திரும்பும் ரயிலில் மாணவிகளிடம் கேட்டேன். ஒருத்தி மட்டும், "அம்மாச்சி சொல்லியிருக்காங்க" என்றாள்.