தோடர் தாய்மையும் மொழிபெயர்ப்புச் சொல்லாட்சியும்

நீலகிரித் தோடரிடையே முற்காலத்தில் உடன்பிறந்த ஆடவர் பலர் ஒரு பெண்ணை மணந்து வாழ்ந்தனர். இம்முறை இன்று வழக்கொழிந்துவிட்டது. எனினும் இதனைப் பற்றிய நூற்செய்திகளைத் தமிழில் தருங்கால், அக்குடும்பத் தாயை எச்சொற்களால் குறிப்பது என்னும் சிக்கல் எழுகின்றது. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலையும் எம்.பி. எமனோவின் ஆய்வுகளையும் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை நோக்கலாம்.

1. வில் கொடுத்தல்

கருவுற்ற ஏழாம் மாத அளவில் கணவருள் ஒருவர், பெரும்பாலும் மூத்தவர், அப்பெண்ணுக்கு வில்லும் அம்பும் அளிப்பார். அவரே தந்தையாவார். வேறொருவர் வில் கொடுக்கும்வரை, பின்னர்ப் பிறக்கும் குழந்தைகளும் அவருடையனவே. அவர் இறந்த பின்னரும் இவ்வுரிமை நீடித்ததை ரிவர்ஸ் பதிவு செய்துள்ளார். இதனைத் 'தந்தை யார் என்னும் ஐயத்தைத் தீர்க்கும் சடங்கு' எனப் பெயர்ப்பது பொருந்தாது. ஐயம் தோடருடையதன்று, ஒருதார மணத்தையே அறிந்த வாசகருடையது. அங்குத் தந்தைமை சடங்கால் தரப்படுவது. தாய்மை பிறப்பால் அமைவது. தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குழுக்களும் தோடரிடம் உண்டு என்பதை எமனோ நிறுவினார். எனவே தாய், தனக்கென ஒரு வழியுடையவள்.

2. உறவுச்சொற்கள்

உறவுப்பெயர்களைக் கொண்டு பண்டைய குழுமணத்தை ஊகித்தவர் லூயிஸ் ஹென்றி மார்கன் (1877). இவ்வூகத்தைத் தமிழே மறுக்கின்றது. 'பெரியப்பா', 'சித்தப்பா' என்னும் சொற்களில் 'அப்பா' இருப்பதால் தமிழ்த்தாய்க்குக் கணவர் பலர் என்று எவரும் கொள்வதில்லை. ஆகவே உறவுச்சொல்லை மணமுறைக்குச் சான்றாக்குதல் கூடாது. ஆனால் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும் தந்தையின் உடன்பிறந்தாரை மூத்தவர், இளையவர் எனப் பிரித்துக் காட்டும் வாய்ப்புத் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இயல்பாகவே உள்ளது.

3. ஒழுக்கச்சொற்கள்

பிறன்மனை விழைவைக் குறிக்கும் சொல் தோடமொழியில் இல்லை என ரிவர்ஸ் கருதினார். கணவர் இசைவுடன், ஊரறிய அமைந்த பிற உறவுகளையும் அவர் விவரிக்கின்றார். இவ்வுறவுடையவரைக் 'கள்ளக்காதலன்' என்றால், வெளிப்படையாக இருந்தது கரவாகிவிடும். தாய் பழிக்குரியவளாகவும் பிள்ளைகள் முறையற்றோராகவும் தோன்றுவர். மூலத்தில் இல்லாத இப்பழியை ஏற்றுவது மொழிபெயர்ப்பாளரின் சொல்லே.

இதற்கு எதிர்நிலைப் பிழையும் உண்டு. 'பெண் விரும்பி ஏற்ற வாழ்க்கை' என்று போற்றுவதற்கும் மூலம் முழுமையாக இடந்தரவில்லை. திருமணங்கள் குழந்தைப்பருவத்திலேயே உறுதி செய்யப்பட்டன. எருமைகளை ஈடாகக் கொடுத்து, ஒருவர் மனைவியை மற்றொருவர் பெறும் வழக்கமும் இருந்தது. ஆகவே 'இசைவு' என எழுதுமிடத்து, யாருடைய இசைவு என்பதையும் சுட்டுதல் வேண்டும்.

முடிபு

'கணவர்', 'வில் கொடுத்தவர்' ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி ஆளுதலும், 'தாய்' என்பதை அடைமொழியின்றி வழங்குதலும் மூலத்துக்கு நெருக்கமானவை. பழியோ புகழோ சேர்க்காத சொல்லே இங்குத் துல்லியமான சொல்லாகும்.