நாலு குழல், நாலு காற்று

ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பனையோலை ஒரு சத்தம் போடும், உடைமரம் வேறொன்று, காய்ந்த கண்மாய்ப் புழுதி இன்னொன்று. காற்று ஒன்றுதான்; எதில் படுகிறதோ அதன் குரலில் பேசுகிறது. இதைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு, காற்றை வைத்து எழுதப்படும் சாக்ஸபோன் நால்வர் இசை சட்டென்று பிடிபடும்.

அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற கருவி சாக்ஸபோன். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் என்ற அதன் நான்கு வகைகளையும் சேர்த்து 1857-இலேயே இசையமைப்பாளர் சாஞ்ஜெலே எழுதியிருக்கிறார். நாகசுரம் போலவே இதற்கும் கூம்புக் குழல். சீவாளி இருக்கும் இடத்தில் ஒற்றை நாணல் பட்டை. நாகசுரக் கலைஞரின் மகன் கத்ரி கோபால்நாத் இதில் கமகம் வாசித்தார். ‘டூயட்’ படத்தில் (1994) அவர் ஊதியது நமக்குத் தெரிந்ததுதான்.

காற்றை வைத்து எழுதிய நால்வர் இசையைக் கேட்கும்போது முதலில் மெட்டைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். சில இடங்களில் சுரமே எழாது, குழலுக்குள் வெறும் காற்று ஓடும். சாவிகளை மட்டும் தட்டுவார்கள். கரிசலில் விழும் முதல் தூறல் அப்படித்தான் கேட்கும். இந்தச் சத்தங்களையே இசையாக்கியவர் இத்தாலியின் சல்வடோரே சியாரினோ. நான்கு ஆல்ட்டோக்களோடு நூறு சாக்ஸபோன்களை நடமாடவிட்டு 1997-இல் ஒரு படைப்பே செய்தார்.

அடுத்து, யார் எப்போது மூச்செடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். நால்வரும் சேர்ந்து எடுத்தால் காற்று அறுந்துவிடும். அதனால் ஒருவர் ஓயும் இடத்தை இன்னொருவர் தாங்குகிறார். கல்யாண வீட்டு மேளத்தில் ஒத்து ஊதுபவர் மூச்சை மாற்றி மாற்றிச் சுருதியை அறாமல் பிடிப்பதைக் கேட்டவர்களுக்கு, இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

பலமாக ஊதிப் புயலைக் காட்டுவது எளிது. மழைக்கு முந்தைய கொண்டலின் கனத்தை டெனரும் பாரிட்டோனும் சேர்ந்து கொண்டுவந்துவிடும். மார்கழி வாடையைத்தான் ஊதிக் காட்டுவது கடினம். சொப்ரானோ மேல்சுரத்தில், நடுக்கமில்லாமல், மெல்லிசாக நிற்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் குளிர் போய்விடும். எழுதியவரின் திறமையை நான் அந்த இடத்தில்தான் எடைபோடுவேன்.

கேட்க உட்காரும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சுரமில்லாத அந்த ஊதலும் அதன் இரைச்சலும் ஒரே மாதிரி இருப்பதால், விசிறி ஓடினால் பாதி இசை காதுக்கு வராது.