வெண்பா: கிழிந்த சமையல் புத்தகமும் குறைந்த இரண்டு மதிப்பெண்ணும்

உயர்நிலை மூன்றில் ஒரு மாணவன் மதிப்புரை எழுதிக் கொண்டு வந்தான். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லியிருந்ததால் ஒரு வீடியோ கேமை எடுத்துக்கொண்டான். மூன்று பத்தி. வரைகலை அருமை, இசை அருமை, கதை அருமை. கடைசியில் பத்துக்கு எட்டு. "ஏம்ப்பா, எல்லாமே அருமைன்னா ரெண்டு மார்க்கை எங்க குறைச்ச?" என்று கேட்டேன். "தெரியல சார். எல்லாரும் எட்டுதான் போடுவாங்க" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இணையத்தில் வரும் விளையாட்டு மதிப்புரைகளில் பாதி அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று சொல்வதுதானே மதிப்புரை? அதைச் செய்து காட்டலாம் என்று நானே ஒரு விளையாட்டை ஆடினேன். பெயர் 'வெண்பா'. இனி வருவதில் கதையின் சில பகுதிகள் வெளிப்படும். முதலில் ஆடிவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழு இதை உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், விண்டோஸ் கணினி என எல்லாவற்றிலும் ஆடலாம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசு இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு தனிக் குழுக்களின் விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலையாய பரிசும் கிடைத்தது. விருது வாங்கியதால் நல்ல விளையாட்டு ஆகிவிடாது. ஆனாலும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அந்த மேடைகளுக்குப் போனது சின்ன விஷயம் இல்லை.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தகுந்த வேலை அமையவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் நேரத்தில் அவள் கருவுற்றிருப்பது தெரிகிறது. தங்கிவிடுகிறார்கள். மகன் கவின் பிறக்கிறான், வளர்கிறான், விலகுகிறான். வெண்பாவிடம் அவளுடைய அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பயணத்தில் கிழிந்து, மை கரைந்து, பாதி வரிகள் போய்விட்ட புத்தகம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அதை வைத்து ஓர் உணவைச் சமைக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

பெயர்களைக் கவனியுங்கள்: வெண்பா, பாவலன், கவின். ஆங்கிலத்தில் ஆடும் ஒருவருக்கு இவை வெறும் ஒலிகள். நமக்கு அப்படி இல்லை. யாப்பு நடத்தும்போது வெண்பாவின் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று சீர் என்று சொல்லித் தருகிறோம். இந்த விளையாட்டும் ஈற்றடியில் ஒரு சீர் குறைந்துதான் நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்தக் கருவியில் ஆடுவது என்று மாணவர்கள் முதலில் கேட்பார்கள். நான் கணினியிலும் ஸ்விட்சிலும் ஆடிப் பார்த்தேன். கணினியில் மௌஸால் மாவை அள்ளி, இழுத்து, தட்டில் விடும்போது கை இயல்பாகப் போகிறது. ஸ்விட்சில் விசைப்பிடியின் குச்சியைத் தள்ளி அதே வேலையைச் செய்வது கொஞ்சம் மந்தம். ஆனால் எம்.ஆர்.டி.யில் ஓரமாக உட்கார்ந்து, காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு ஆடக் கையடக்கக் கருவிதான் பொருத்தம். எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தமும், அடுப்படி வானொலியில் அந்தந்தக் காலத் திரையிசைப் பாணியில் இந்த விளையாட்டுக்கென்றே அமைத்த பாடல்களும் காதுக்குப் பக்கத்தில் கேட்க வேண்டியவை. பெரிய திரைக்காகத் தனியாக ஒரு கன்சோல் தேவையில்லை. படங்கள் தட்டையான, அழுத்தமான வண்ணங்களில் வரைந்தவை. எந்தத் திரையிலும் அழகாகவே இருக்கும்.

சமையல் விளையாட்டு நமக்குப் புதிது இல்லை. 2006இல் நிண்டெண்டோ டி.எஸ். கருவிக்கு வந்த 'குக்கிங் மாமா'வில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு துல்லியமாக நறுக்குகிறோம் என்பதற்குப் புள்ளி. 2016இல் வந்த 'ஓவர்குக்ட்' நான்கு பேரைச் சமையலறையில் ஓடவிட்டுக் கத்த வைக்கும். இரண்டிலும் எதிரி கடிகாரம். 'வெண்பா'வில் கடிகாரமும் இல்லை, புள்ளியும் இல்லை. கிழிந்த வரிதான் எதிரி. அந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்தால் உணவு வரும். ஊகம் தவறினால் வெண்பா ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவாள்.

முதல் உணவு இட்லி. மாவு ஊற்றிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எப்படி அடுக்குவது என்று சொல்லும் வரி புத்தகத்தில் தெளிவாக இல்லை. குழிக்கு மேல் குழி வரும்படி வைத்தால் ஆவி மேலே ஏறாது, மேல் தட்டு இட்லி வேகாது. தட்டைத் திருப்பி, குழிகள் மாறி மாறி வரும்படி வைக்க வேண்டும். புட்டிலும் இதே கதைதான்: குழாயில் முதலில் போக வேண்டியது சில்லா, தேங்காய்த் துருவலா, மாவா? (இங்கே கடையில் 'புட்டு மாயம்' என்று வாங்கிச் சாப்பிடுவது இடியாப்பம் என்பதையும் அன்று வகுப்பில் விளக்க வேண்டியதாயிற்று. குழாய்ப் புட்டைப் பார்த்தே இராத பிள்ளைகள் பலர்.)

இட்லிப் பகுதியை வகுப்பறைத் திரையில் போட்டு மாணவர்களிடம் விட்டேன். கருத்தறிதல் பயிற்சியில் நாம் முழுப் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறோம். பதில் பத்திக்குள்ளேயே இருக்கும். தேடி எடுத்து எழுதினால் மதிப்பெண். இங்கே பத்தியே கிழிந்திருக்கிறது. விடை புத்தகத்துக்கு வெளியே, யாரோ ஒருவரின் அடுப்படியில் இருக்கிறது. இரண்டு பேர் தட்டுகளைத் தப்பாக அடுக்கினார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "தட்டைத் திருப்பி வைக்கணும் சார். ஒண்ணு மேல ஒண்ணு வந்தா ஆவி போகாது, எங்க பாட்டி சொல்லியிருக்காங்க" என்றாள். வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் "ஆமாம்", "பிடிக்கும்" என்பதைத் தாண்டாத பிள்ளை. நிபந்தனை வினையெச்சத்தோடு முழு வாக்கியம் பேசிவிட்டாள்! அவளுக்கு அது தெரியாது, நான் சொல்லவும் இல்லை.

இதுதான் 'வெண்பா'வின் பலம். வாசிப்பை ஒரு வேலையாக, கையால் செய்து முடிக்க வேண்டிய காரியமாக ஆக்கியிருக்கிறது. பிற்பகுதியில் கரண்டி கவினின் கைக்கு வருகிறது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிப் பழகியவன் அவன். பள்ளிக்கு வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகச் சங்கடப்பட்டவன். பாட்டியின் எழுத்தை இப்போது அவன் வாசிக்க வேண்டும். அம்மா ஒரு பார்வையில் புரிந்துகொண்ட பக்கத்தில் அவன் எழுத்தெழுத்தாகத் தடுமாறுகிறான். அவனோடு நாமும் தடுமாறுகிறோம். இழப்பைப் பற்றி வசனம் பேசாமல், அதை நம் கையிலேயே உணர வைக்கிற இடம் இது. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இனி குறை. கவினின் நிலையை அப்படியே நம் பிள்ளைகளின் நிலை என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. யோசித்தால் நம் வகுப்பில் இருப்பவர்கள் தலைகீழ்க் கவின்கள். அவனுக்குக் காது உண்டு, எழுத்து இல்லை. அவன் போன பள்ளியில் தமிழ்ப் பாடம் கிடையாது. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி, தொடக்கநிலை ஒன்றிலிருந்து பாடம். நம் பிள்ளைகளுக்கு எழுத்து வரும், சந்தியோடு எழுதுவார்கள், இணைமொழியும் மரபுத்தொடரும் மனப்பாடம். வீட்டில் தமிழ் கேட்காது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. நம்மவர்களிடம் புத்தகம் கிழியாமல் இருக்கிறது. ஆவி எங்கே போகும் என்று சொல்ல ஆள்தான் குறைகிறது.

அதனால்தான் இந்த விளையாட்டு முடியும் விதத்தில் எனக்கு நிறைவு இல்லை. கவின் அம்மாவின் சமையலைக் கையில் எடுத்ததும் இடைவெளி ஓரளவு மூடிவிடுகிறது. சாப்பாடு எளிய பாலம். இட்லி சாப்பிட மொழி வேண்டாம். தேக்கா பக்கம் போய்ப் பார்த்தாலே தெரியும். மொழி அவ்வளவு சுலபத்தில் திரும்பி வராது, வெட்கப்பட்டு, தப்புத் தப்பாகப் பேசி, சிரிப்பு வாங்கித்தான் வரும். அந்தக் கஷ்டத்துக்கு விளையாட்டு போதிய நேரம் தரவில்லை. சமையலுக்கு அத்தனை புதிர் வைத்தவர்கள், பேச்சுக்கு ஒரு நல்ல புதிர் வைத்திருக்கலாம். ஈற்றடியில் குறைந்த சீர் என்று நான் சொன்னது இதைத்தான்.

உரையாடலிலும் இதே பலவீனம். இடையிடையே வெண்பா என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று பதில்களைக் காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒரே தடத்தில்தான் போகும். வளர்ந்த மகனுக்காக அவள் விருந்தே சமைக்கும் அத்தியாயத்தில் இது பொருந்துகிறது: என்ன சொன்னாலும் அவன் மனம் அங்கே இல்லை, நம் தேர்வு வீணாவதே அவள் வலி. மற்ற இடங்களில் அது வெறும் அலங்காரமாக நிற்கிறது. நேரம் குறைவு என்ற புகாரையும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நான்கு பாடவேளையில் முடித்துவிடலாம் என்பது ஆசிரியருக்கு வசதிதான்!

வகுப்பில் பயன்படுத்த நினைப்போருக்கு ஒரு சொல். உரையாடலை நான் ஆங்கிலத்தில் வைத்தே ஆடினேன். அதைத் திரையில் ஓடவிட்டு, வெண்பா பேசும் வரிகளை அவள் வீட்டில் பேசியிருக்கும் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "இதைக் கணவர்கிட்ட எப்படிச் சொல்லியிருப்பாங்க? மகன்கிட்ட எப்படி?" என்று கேட்டால் 'ங்க' எங்கே வரும், 'டா' எங்கே வரும் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். தனியாகப் பயிற்சித்தாள் தயாரிக்க வேண்டியதில்லை.

அந்த மாணவன் தன் ஸ்விட்சில் 'வெண்பா'வை ஆடிவிட்டு வந்தான். புது மதிப்புரை ஒரு பக்கம்தான். மறுபடியும் பத்துக்கு எட்டு. ஆனால் கீழே இப்படி எழுதியிருந்தான்: "ரெண்டு மார்க் ஏன் குறைச்சேன்னா, கேம்ல என்ன பதில் சொன்னாலும் கதை மாறல. எங்க வீட்ல அப்படி இல்ல. நான் தமிழ்ல பதில் சொன்னா அம்மா பேச்சே மாறிடும், நிறைய நேரம் பேசுவாங்க."

தேர்வில் செல்லாது என்பதால் பேச்சு வழக்குச் சொற்களை எல்லாம் வட்டமிட்டேன். கருத்துக்கு முழு மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.