ஒற்றைச் செருப்பு

தேர்தலுக்கு முன்னே ஒரு கால் செருப்பு! வாக்குப் பெட்டி நிரம்பிய பின்னே மறு கால் செருப்பு! இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரைப் பற்றிப் பலரும் சொல்லும் கதை இது. கொடுத்தவர் கப்பல் கோமான் அக்கில்லே லாரோ. பெற்றவர்கள் பஞ்சைப் பராரிகள். சொல்லப்பட்ட பெயரோ மன்னர் பெயர்! கதையிலே மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை அந்நகரத்தார் தீர்த்துக் கொள்ளட்டும். முடி இழந்த மன்னனுக்காக எழும்பிய கட்சி, ஒரு முதலாளியின் மடியிலே சென்று அடங்கியது எப்படி என்பதே நமது கேள்வி.

அந்த முடியின் பெருமைதான் என்ன? 1922-ல் முசோலினியை அழைத்து ஆட்சியைக் கையில் கொடுத்தவர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல். 1938-ல் யூதரை ஒதுக்கிவைக்கும் சட்டங்களுக்கு ஒப்பமிட்டதும் அதே கைதான். 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நெருங்கியதும் தலைநகரைப் போட்டது போட்டபடி விட்டு, தெற்கே பிரிண்டிசிக்கு ஓடினார். அதே மாதக் கடைசியில் நேப்பிள்ஸ் மக்கள் நான்கு நாட்கள் தெருவிலே நின்று போரிட்டு அந்தப் படையை வெளியேற்றினர். மன்னன் ஓடினான், மக்கள் நின்றனர்!

நின்ற மக்கள் பிறகு என்ன செய்தனர்? 1946 ஜூன் 2-ல், முடியரசா குடியரசா என்று நாடே வாக்களித்தது. குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம், முடியரசுக்கு 1 கோடியே 7 லட்சம். ஒரு மாதத்துக்குச் சற்றே அதிகமாக அரியணையில் இருந்த உம்பர்ட்டோ போர்ச்சுகல் சென்றார். ஆனால் நேப்பிள்ஸில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் மன்னனுக்கே வாக்களித்திருந்தனர்!

அறியாமை என்று உதட்டைப் பிதுக்குவது எளிது. முதலில் படித்தபோது நானும் பிதுக்கியவன்தான். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு எளிதல்ல. வடக்கிலே ஆலைகள் இருந்தன, தொழிற்சங்கங்கள் இருந்தன, கரந்துறைந்து போரிட்ட படைகள் இருந்தன. குடியரசு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருந்தது. தெற்கிலே நிலக்கிழார், பாதிரியார், பசி! வரி கேட்கவும் படைக்கு ஆள் பிடிக்கவும் மட்டுமே அரசாங்கத்தின் முகத்தைக் கண்டவர்களுக்கு, சுவரிலே தொங்கிய மன்னன் படம் எதையும் கேட்காத படமாயிற்றே! குடியரசுவாதிகள் அவர்களிடம் போய்ப் பேசினார்களா? போதுமான அளவு பேசவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

பேசாத இடத்திலே புகுந்தவர் அல்ஃபிரெடோ கொவெல்லி. 1946-ல் அவர் தொடங்கிய தேசிய முடியரசுக் கட்சியின் சின்னம் விண்மீனும் மகுடமும். 1948-ல் 14 இடங்கள், 1953-ல் 40 இடங்கள்! வளர்ச்சிக்குக் காரணம் மன்னர் பக்தி மட்டுமா? 1950-ல் வந்த நிலச் சீர்திருத்தத்தால் தெற்கத்திப் பெருநிலக்கிழார் ஆத்திரம் கொண்டு இப்பக்கம் சாய்ந்தனர். நிலம் இழந்தவனும் நிலமே இல்லாதவனும் ஒரே மகுடத்தின் கீழ்! இருவருக்கும் பொதுவாக ஒரு திட்டம் தீட்ட முடியுமா? முடியாது, ஆகவே திட்டமே வேண்டாம், மகுடம் போதும் என்றிருந்தது கட்சி.

திட்டமில்லாத கட்சிக்குப் பணம்தான் திட்டம். 1952-ல் லாரோ நகரத் தலைவரானார். அதே ஆண்டு, தம் கால்பந்துக் கழகத்துக்காக ஸ்வீடன் நாட்டு ஆட்டக்காரர் ஒருவரை 10½ கோடி லிரா கொடுத்து வாங்கினார். குடிசைக்குக் கூரையில்லாதவன் அதற்கும் கைதட்டினான். குன்றுகளின் மேல் கண்டபடி கட்டடங்கள் எழுந்தன. மனையை விற்றுக் கொழுக்கும் அந்த அரசியலைத்தான், பெயர் சொல்லாமல், 1963-ல் பிரான்செஸ்கோ ரோசி படமாக எடுத்து வெனிஸ் விழாவிலே தங்கச் சிங்கம் பெற்றார்.

1954-ல் லாரோ தனிக்கட்சி கண்டார். மன்னன் ஒருவன், மன்னர் கட்சிகள் இரண்டு! 1958-ல் நகராட்சி கலைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் இரு கட்சிகளுக்கும் சேர்த்தே 25 இடங்கள். வேலையும் சலுகையும் ரோமிலே ஆண்ட கிறித்தவ ஜனநாயகக் கட்சியிடம் கிடைக்கும்போது, மகுடத்தை நம்பி எவன் காத்திருப்பான்? 1959-ல் ஒட்டுப்போட்டுப் பார்த்தனர். 1963-ல் 8, 1968-ல் 6.

1972-ல் கட்சி, இத்தாலிய சமூக இயக்கத்தோடு கலந்தது. அது யாருடைய இயக்கம்? 1943-ல் மன்னனைத் துரோகி என்று தூற்றி, சாலோவிலே முசோலினி நடத்திய அரசின் மிச்சசொச்சங்கள் கூடி 1946-ல் அமைத்த இயக்கம்! உம்பர்ட்டோ அப்போதும் போர்ச்சுகலில்தான் இருந்தார். முன்னாள் மன்னர் நாட்டுக்குள் நுழையக்கூடாது என்ற அரசியல் சட்டத் தடை 2002 வரை நீடித்தது. அவர் 1983-ல் ஜெனீவாவில் இறந்தார்; உடலும் பிரான்சிலேதான் புதைக்கப்பட்டது.