இருபதுக்கு அறுபதில் காலியிடம் எங்கே?

நடுத்தரக் குடும்பம் இன்று நகரின் விளிம்பில் வாங்கும் மனை பெரும்பாலும் அரை கிரவுண்டுதான். 20 அடி முகப்பு, 60 அடி நீளம், 1,200 சதுர அடி. இதில் வீட்டை எப்படி உட்கார வைப்பது என்று கேட்டால் மேஸ்திரியும் இன்ஜினியரும் ஒரே வரைபடத்தைத்தான் நீட்டுவார்கள். முன்னால் கார், ஒரு பக்கச் சுவர் எல்லையை ஒட்டி, மறுபக்கம் 3 அடிச் சந்து, பின்னால் இன்னொரு 3 அடி. மிச்சமெல்லாம் வீடு.

இந்த முறையைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த 3 அடிச் சந்து பல தலைவலிகளுக்கு மருந்து. சாரம் கட்டி வெளிச்சுவரைப் பூச, பெயின்ட் அடிக்க, அடைத்துக்கொண்ட குழாயைக் கழற்ற ஆள் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் எல்லையை ஒட்டிக் கட்டிய வீடுகளில் பூசாமல் விட்ட வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஓதம் காப்பதையும், பக்கத்து வீட்டுக்காரர் தம் மனைக்குள் ஆளை விட மறுப்பதையும் பார்க்கிறோம். எல்லைக் கோட்டிலேயே தூண் நின்றால் அதன் அடித்தளத்தைப் பக்கத்து மனைக்குள் நீட்ட முடியாது. உள்பக்கமாகவே ஒருசாய்த்துப் போட்டு, அடுத்த தூணோடு பீம் கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். செலவு ஏறும். போதாததற்கு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பொதுவாகப் பக்க இடைவெளி கேட்கிறது. சென்னையின் நெருக்கமான பழைய பகுதிகள் சிலவற்றைத் தொடர் கட்டடப் பகுதி என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே சுவரோடு சுவர் ஒட்டலாம்.

ஆகவே சந்து இருக்கட்டும். அதை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட இடம் என்று சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் 3 அடி விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மாடிச் சுவர்களுக்கு இடையே 6 அடி கிடைக்கும். தரைத்தள ஜன்னலில் நின்று அண்ணாந்தால் வானம் நாடா அகலத்துக்குத் தெரியும். நேரே பார்த்தால் எதிர்வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு மாதத்தில் அந்த ஜன்னலுக்குத் திரை வந்துவிடும், அப்புறம் திறப்பதே இல்லை.

கணக்கையும் போட்டுவிடலாம். ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால் அதன் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் வேலைக்கு ஆகும் என்பது கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. 14 அடி என்று கொள்வோம். 60 அடியில் காருக்கு 15, பின்னால் 3 போனால் வீட்டின் நீளம் 42. இரு முனைகளிலிருந்தும் 14 அடி வெளிச்சம் வந்தாலும் நடுவில் 14 அடி இருட்டு. வரைபடத்தில் சாப்பாட்டு மேசையும் பூஜை அறையும் மாடிப்படியும் விழுவது அங்கேதான். நண்பகலிலும் டியூப்லைட் எரியும் வீடுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

நீள மனை நமக்குப் புதிதல்ல. காவிரிக் கரை அக்ரகாரங்களில் வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு நின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒரே கோட்டில் போகும். வாசலில் நின்றால் கொல்லைக் கிணற்றடி வரை கண் ஓடும். செட்டிநாட்டில் அதையே பெரிதாக்கி ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று வைத்தார்கள். இரண்டிலும் பக்கத்தை நம்பாமல் நடுவைத் திறந்தார்கள். வெளிச்சத்தைப் பொறுத்தவரை இதை மிஞ்சிய விடை எனக்குத் தெரியாது. ஆனால் ‘தாத்தா வீடு’ என்று உருகுகிறவர்கள் சிலவற்றை மறந்துவிடுகிறார்கள். அந்த நீளம் ஆட்களையும் வரிசைப்படுத்தியது: ஆண்கள் முன்கட்டில், பெண்கள் புகையடியில், கழிவு அள்ள வந்தவர்கள் பின்சந்தில். கதவடைத்துப் படுக்க ஓர் அறை கிடைப்பதே அபூர்வம். அமைப்பை எடுத்துக்கொண்டால் போதும், ஏக்கம் வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது காலியிடத்தை ஒரே இடத்தில் திரட்டும் புத்தியை. 3 அடி அகலத்தில் 60 அடிக்கு ஓடும் சந்து 180 சதுர அடி; 12-க்கு 15 முற்றமும் அதே 180 தான். விதி அப்படியே மாற்றிக்கொள்ள விடாது. ஆனால் சந்தை நடுவில் வயிறு புடைக்க வைக்கலாம். வீட்டின் நடுப்பகுதியில் 10 அடி நீளத்துக்கு மட்டும் சந்தை 8 அடியாக்கினால் தளத்துக்கு 50 சதுர அடிதான் போகும். அந்த இடத்தில் வீடு 12 அடியாகக் குறுகும். 9 அங்குலச் சுவர் இரண்டைக் கழித்தால் பத்தரை அடி. சாப்பாட்டு அறைக்குத் தாராளம். முன்னே ஹால், பின்னே சமையலறையோ படுக்கையறையோ அந்தத் திறப்பைப் பார்த்து ஜன்னல் வைத்துக்கொள்ளும். மூன்று அறைக்கு வெளிச்சம் கிடைக்கும்.

இதற்கும் குறை உண்டு. மாடியை வாடகைக்கு விட்டால் அவர்கள் தாளிக்கும் சத்தமும் போன் பேச்சும் அந்தத் திறப்பு வழியே கீழே இறங்கும். கொசுவலைக் கதவு, கிரில், மழைநீர் போக வாட்டம் எல்லாம் தனிச்செலவு. இரண்டு தளத்திலுமாக 100 சதுர அடி போகிறதே என்று வீட்டுக்காரர் முனகுவார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் ஓ.டி.எஸ். (ஓபன் டு ஸ்கை) என்ற பெயரில் 3-க்கு 4 அடி ஓட்டை ஒன்றை வைக்கிறார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு அது புகைபோக்கி; தரைத்தளத்துக்கு வெளிச்சம் வந்து சேராது. பூனை இறங்குகிறது, சாரல் அடிக்கிறது என்று ஒரு நாள் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடுவார்கள். அதைவிட வைக்காமலே இருக்கலாம்.

திறப்பு எந்தப் பக்கம் என்பதில் வெயிலும் வாஸ்துவும் சில இடங்களில் ஒத்துப்போகும், சில இடங்களில் முட்டிக்கொள்ளும். நாம் இருப்பது 8 முதல் 13 டிகிரி வட அட்சத்தில். தெற்கு, வடக்குச் சுவர்களில் விழும் வெயிலை 2 அடி சன்ஷேடு பெருமளவு மறைத்துவிடும். காலையும் மாலையும் தாழ்ந்து வரும் வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. கிழக்குப் பார்த்த மனைக்கு எல்லோரும் ஏன் பறக்கிறார்கள் என்பதற்கு இப்படியும் ஒரு நியாயம் சொல்லலாம்: நீளச் சுவர்கள் வடக்கும் தெற்குமாக அமைந்துவிடுகின்றன. ஆனால் அதே கிழக்கு மனையில், வாஸ்து சமையலுக்கு ஒதுக்கும் தென்கிழக்கு அக்னி மூலை தெரு ஓரத்தில் விழும். சமையலறை காருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வடக்குப் பார்த்த மனையில் அது இயல்பாகப் பின்னால் போய்விடும், ஆனால் 42 அடி மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி வைத்து இரவெல்லாம் உள்ளே விடும். அங்கே சந்தையும் திறப்பையும் கிழக்கே வைத்து, மேற்கில் படிக்கட்டு, பாத்ரூம், அலமாரி என்று அடைத்துவிடுவது சரி. மேற்கே ஏற்கெனவே இரண்டு மாடி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் அந்தக் கவலையே இல்லை. மனையைப் போய்ப் பார்க்காமல் திசையை மட்டும் கேட்டு வரைபடம் அனுப்புகிறவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

முகப்பின் 20 அடியில் நடக்கும் போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட், கார், சம்ப், போர்வெல், மீட்டர் பெட்டி, பாதாளச் சாக்கடை வராத ஊரில் செப்டிக் டேங்க் எல்லாமே தெருப்பக்கம்தான் கேட்கின்றன. செப்டிக் டேங்க் லாரியின் குழாய் எட்ட வேண்டும். போர் போடும் வண்டி வீடு எழும்பிய பின் கொல்லைக்குப் போகவே முடியாது. இவற்றில் போரும் செப்டிக்கும் ஒன்றையொன்று நெருங்கக்கூடாது. பின்னாலுள்ள 3 அடியை 10 அடியாக்கி, வீடு கட்டும் முன்பே போரை அங்கே இறக்கியவர்கள் குடிநீரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் பின்னாளில் போர் தூர்ந்து இன்னொன்று போட வேண்டி வந்தால் அவர்களுக்குக் கொல்லை பயன்படாது.

மனையின் அகலம் 15 அடிதான் என்றால் சந்தை நடுவில் புடைக்க வைக்கும் யோசனை செல்லாது. சந்து போக 12, சுவர் போக பத்தரை. அதில் இன்னும் 5 அடியைக் குடைந்தால் நடைபாதைதான் மிஞ்சும். அங்கே வீட்டை முன், பின் என இரண்டாக வெட்டி நடுவை முழு அகலத்துக்கும் திறப்பது ஒன்றே வழி. ஜப்பானின் ஒசாகாவில் கட்டடக்கலைஞர் தடாவோ ஆண்டோ 1976-இல் கட்டி முடித்த சுமியோஷி வீடு அப்படிப்பட்டது; சுமார் 11 அடி அகலம், மூன்றில் ஒரு பங்கு திறந்த முற்றம். மழை நாளில் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குக் குடையோடு போக வேண்டும். புகழ்பெற்ற வீடுதான், ஆனால் ஐப்பசி மழையில் முழங்கால் வலியுள்ள பாட்டியை அப்படி அனுப்ப முடியாது. முற்றத்தின் ஓரமாக 4 அடிக்கு ஓடு வேய்ந்த தாழ்வாரம் ஒன்றை இழுத்து இரண்டு பாதிகளையும் இணைத்துவிட்டால் அந்தக் குறை தீரும்; முற்றம் ஆறரை அடியாகச் சுருங்கும், அதற்கு மேல் அந்த மனையிடம் கேட்க முடியாது.